ஆர்எக்ஸ் 100 வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டை விடுங்கள், கிராங்கைப் பாருங்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், நாலு கியர், எடை 103 கிலோ. எஸ்கார்ட்ஸ் கூட்டில் 1985 கடைசியில் இந்தியாவில் இறங்கியது, 1996-இல் உற்பத்தி நின்றது. ஆக, இன்று தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ விற்பனைக்கு நிற்கும் வண்டியில் கடைக்குட்டிக்கே முப்பது வயதை ஒட்டி ஆகிறது. அதற்குத்தான் லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள், சொன்ன விலைக்கு ஆளும் வருகிறது.

அந்தக் காசுக்கு இது தகுமா? ஓட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால், ஒரு விஷயத்தில் தகும், மற்ற எல்லாவற்றிலும் தகாது.

தகுகிற விஷயம் பிக்கப். 11 குதிரைத்திறன் இன்று பெரிய எண்ணிக்கை இல்லை, 125 சிசி வண்டிகள் பலவும் அதைத் தொட்டுவிட்டன. ஆனால் இது கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றுக்கு ஒரு முறை எரியும் எஞ்சின், இழுக்க வேண்டிய எடையும் குறைவு. கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடான ரீட் வால்வு இருப்பதால் கீழ்ச் சுற்றிலும் திணறாது. இன்டேக் பக்கம் ஒரு சிறு டப்பா குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வு மூடும் நொடியில் தேங்கும் காற்று-பெட்ரோல் கலவையை வாங்கி வைத்து அடுத்த உறிஞ்சலில் கொடுப்பது அதன் வேலை. பல வண்டிகளில் அது என்னவென்றே தெரியாமல் கழற்றி எறிந்து, ஓட்டையை போல்ட் போட்டு அடைத்திருப்பார்கள். இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கியரில் முறுக்கினால் வரும் அந்த இழுப்பு, இன்றைக்கும் நூறு சிசியில் வேறு எதிலும் இல்லை.

மற்றபடி முன்பக்கமும் டிரம் பிரேக்தான். கும்பகோணம் சாலையில் எண்பதில் போகும்போது எதிரே மினி பஸ் திரும்பினால் நிற்கும் தூரம் போதாது. டயர் முன்னே 2.50–18, பின்னே 2.75–18, இரண்டும் மெலிசு. சாலையில் நெல் காயப்போட்டிருக்கும் மாதங்களில் சறுக்கும். வைக்கோல் செயினிலும் ஹப்பிலும் சுற்றிக்கொள்ளும். ஹெட்லைட் வெளிச்சம் வாய்க்கால் கரைக்குப் பற்றாது. மைலேஜ் நல்ல எஞ்சினில் 35, 40. தினமும் ஐம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர வண்டி தேடுபவர் இதை வாங்க வேண்டாம். மாத பெட்ரோல் செலவே கசக்கும்.

இவ்வளவு குறை இருந்தும் விலை ஏன் ஏறுகிறது? அமெரிக்காவின் மசில் கார்களுக்கு நடந்த கதையேதான். 1960-களில் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து இளவட்டங்களுக்கு விற்ற கார்கள் அவை. 1970-இன் காற்றுத் தூய்மைச் சட்டம், ஏறிய இன்சூரன்ஸ், 1973 எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அவற்றை முடித்தன. இனி செய்ய மாட்டார்கள் என்றானதும், அன்று வேடிக்கை மட்டும் பார்த்த பையன்கள் காசு சேர்ந்த பிறகு தேட ஆரம்பித்தார்கள். 1971 பிளைமவுத் ஹெமி குடா, திறந்த கூரை வகை ஒன்று 2014-இல் மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இங்கேயும் புகைக் கட்டுப்பாடு இறுகியபோதுதான் ஆர்எக்ஸ் 100 நின்றது. அன்று காலேஜ் வாசலில் நின்று பார்த்தவர்கள் இன்று வெளிநாட்டுச் சம்பளத்தோடு ஊருக்கு வந்து விலை கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, விற்பவர்கள் அதை மறைப்பார்கள். அந்த குடாவில் அந்த வகை மொத்தமே 11 தான் செய்தார்கள். ஆர்எக்ஸ் 100 பத்தாண்டு ஓடிய உற்பத்தி, வண்டிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கைபடாத வண்டிக்குத்தான். அமெரிக்க ஏலத்தில் எஞ்சின் எண்ணும் பாடி எண்ணும் ஆலையிலிருந்து வந்த ஜோடியாக இருந்தால் ஒரு விலை, எஞ்சின் மாறியிருந்தால் வேறு விலை. ஆர்எக்ஸ் வாங்குகிறவரும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். டெல்டாவில் விலை சொல்லப்படுவது பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும். கொடுக்க வேண்டியதோ எண்ணுக்கும் கிராங்குக்கும்.

முதலில் காகிதம். ஸ்டியரிங் கழுத்தில் சேஸிஸ் எண், கிராங்க்கேஸில் எஞ்சின் எண். இரண்டையும் ஆர்சியோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் உலோகம் வழவழவென்று தேய்ந்திருந்தால், எழுத்துகள் ஒரே வரியில் நிற்காமல் ஏறி இறங்கினால், அங்கே மட்டும் பெயின்ட் கனமாக இருந்தால் அது மறுபஞ்ச், அதாவது பழைய எண்ணை அழித்து மறுபடி பொறித்தது. அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச்சே வேண்டாம். அடுத்து, 135 எஞ்சின் ஏற்றிய 100. ஆர்எக்ஸ் 135-இன் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர்தான், போர் (சிலிண்டரின் உள் விட்டம்) மட்டும் 58. 100-இல் போர் 50. ஹெட்டைக் கழற்றி ஒரு வெர்னியர் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓட்ட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆர்சியில் இருக்கும் 98 சிசி அது இல்லை. இன்சூரன்ஸ் கோரிக்கையில் இதுவே வம்பாகும்.

ஆர்சி காலாவதியான வண்டிதான் ஊர்ப்புறத்தில் அதிகம். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, புகைச் சான்று, நடப்பு இன்சூரன்ஸ், பசுமை வரி ரசீது, ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் நிறுத்திச் சோதனை. 20 ஆண்டைத் தாண்டிய பைக்குக்கான மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 2,000 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. அதனால் "ஆர்சி போட்டுக்கலாம் சார், சின்ன வேலை" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சின்ன வேலையை அவரே முடித்துவிட்டுப் பணம் வாங்கட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்திலிருந்து வந்தால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் வண்டிகளில் பதிவு விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு முன்கூட்டியே பாருங்கள். ஏறாமல் இருந்தால் பழைய பதிவேட்டைத் தேடி ஏற்றிய பிறகுதான் மற்றது எல்லாம்.

"விண்டேஜ் வண்டி" என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்றால் 50 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். முதல் ஆர்எக்ஸ் 100 அந்த வயதை எட்டுவது 2035-இல்.

இனி டெல்டாவுக்கே உரிய சோதனை, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் ஒரு வாரம் நின்ற வண்டி, தையில் பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஹெட்லைட் டூமைக் கழற்றி உள்ளே பாருங்கள். அடியில் மெல்லிய வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. செயின் கவருக்குள், பிரேக் டிரம்முக்குள், பேட்டரிப் பெட்டியின் அடி மூலையில், மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) கவருக்குள் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். பெயின்ட் அடிக்கிறவர் இந்த இடங்களைக் கழுவுவதில்லை.

தண்ணீரில் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் ஏன் இவ்வளவு பயம்? ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும். இதில் கிராங்க் அறை என்பது காற்றும் பெட்ரோலும் வந்துபோகும் வழி. கூடவே வரும் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக்குக்கான எண்ணெய்) படலம்தான் பேரிங்குக்குக் காப்பு. அங்கே தண்ணீர் தேங்கினால் கிராங்க் பேரிங் குண்டுகளிலும் கனெக்டிங் ராடின் ஊசி பேரிங்கிலும் சில நாளில் துரு குழி விழும். கியர் ஆயில் போல்ட்டைத் திறந்து வடித்தேன் என்பார்கள். அதில் வருவது கியர் பக்கத்துத் தண்ணீர் மட்டுமே, கிராங்க் அறை தனி. குழி விழுந்த பேரிங்கோடு ஓடினால் மூன்றாவது கியரில் நாற்பதில் ஒரு "ர்ர்ர்" முனகல் கேட்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் போகாது. அந்தச் சத்தம் இருந்தால் எஞ்சினை முழுதாகப் பிளக்கும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்று. ஸ்போக் நிப்பிள் எல்லாம் பிடித்துப்போய் வீல் கோணல் எடுக்க முடியாது. ஸ்விங் ஆர்ம் அடியிலும் ஸ்டாண்டு பற்ற வைத்த இடத்திலும் சேஸிஸை ஒரு ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்தால் சரி, உள்ளே போனால் வேண்டாம்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, தொட்டதும் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு மறுநாள் போங்கள். சூடேற்றி வைத்த ஆர்எக்ஸ் எதுவும் ஒரே கிக்கில் எழும்பும். குளிர்ந்த எஞ்சின், சோக்கை இழுத்து இரண்டு மூன்று கிக்கில் எழ வேண்டும். முதல் இரண்டு நிமிடம் புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் வெள்ளையாக அடர்ந்து வந்து, கியர் ஆயில் கருகும் வாடை அடித்தால் கிளட்ச் பக்கத்து, அதாவது வலப்பக்க ஆயில் சீல் (கிராங்க் முனையை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. இது செலவு, ஆனால் ஆபத்து குறைவு. ஆபத்தானது எதிர்ப்பக்கம். மேக்னட் பக்கத்து சீல் காய்ந்து விரிசல் விட்டால் அங்கிருந்து வெறும் காற்று உள்ளே போகும். கலவை மெலிந்து ஐட்லிங் தானாக ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே இறங்காது, பிளக் வெள்ளையாக இருக்கும். வண்டி "சும்மா பறக்குது" என்பார்கள். அப்படிப் பறக்கிற வண்டிதான் ஒரு மதியம் பைபாஸில் பிஸ்டன் பிடித்து நிற்கும். நல்ல மெக்கானிக் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று ஏற்றி, சில நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பார். அதைச் செய்யாமல் கார்பரேட்டரையே மாற்றி மாற்றிப் போடுகிறவரிடம் விடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டி எதுவானாலும், எவ்வளவு நன்றாக ஓடினாலும், இரண்டு சீலையும் மாற்றுவது கட்டாயம். ரப்பர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம்.

பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து ஐந்தாறு கிக். 100 பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலை காத்திருக்கிறது. எத்தனையாவது ரீபோர் என்பதுதான் கேள்வி. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கால் மில்லிமீட்டராக ஏறும், அளவு பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும். 25, 50 என்றால் சிலிண்டருக்கு இன்னும் ஆயுள் உண்டு. 100 என்றால் அடுத்தது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான். ஸ்லீவ் போட்ட சிலிண்டரில் போர்ட் (கலவையும் புகையும் வந்துபோகும் துளை) உயரங்கள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தப் பழைய இழுப்பு திரும்பாது.

ரீபோர் செய்கிற லேத்துக்காரர் டூ ஸ்ட்ரோக் பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். போர் போட்ட பிறகு போர்ட் ஓரங்களை லேசாக மழுக்க வேண்டும். மழுக்காமல் விட்டால் கூரான விளிம்பில் ரிங் மாட்டி முதல் நூறு கிலோமீட்டரில் ஒடியும். பிஸ்டனின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய் இரண்டும் பள்ளத்தில் உள்ள சிறு பின்னில் உட்கார வேண்டும். இதெல்லாம் சொல்ல வேண்டியதா என்று தோன்றும். ஃபோர் ஸ்ட்ரோக் மட்டுமே பிரித்துப் பழகிய பையன்கள் கையில் இப்போது நிறைய ஆர்எக்ஸ் மாட்டுகிறது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் துளிகூட ஆட்டம் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது இருக்க வேண்டிய இடைவெளி.

ஆயில் பம்ப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் பாதி வண்டிகளில் அது இல்லை. டூடி ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து ஆக்சிலேட்டர் திறப்புக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் பம்ப் இது. கேபிள் ஒன்று கார்பரேட்டருக்கும் பம்புக்குமாகப் பிரிந்து போகும். பழைய மெக்கானிக்குகள் "பம்ப் கெட்டா எஞ்சின் போயிடும், கழட்டிட்டு பெட்ரோல்லயே கலந்துடுங்க" என்பார்கள். பம்ப் அவ்வளவு எளிதில் கெடாது. குழாயில் காற்று அடைப்பதும், கேபிள் நீண்டு பம்ப் புல்லியின் குறி பின்தங்குவதும்தான் வழக்கமான கோளாறு. காற்றை எடுக்க பம்பில் ஒரு சிறு போல்ட் உண்டு. அதைத் தளர்த்திக் குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விட்டு இறுக்கினால் முடிந்தது. அப்படிச் செய்த முதல் தொட்டி பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் காப்புக்காகக் கலந்துகொள்ளலாம். பம்ப் ஏற்கெனவே இல்லாத வண்டி என்றால் லிட்டருக்கு 25 முதல் 30 மில்லி. ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்சி அல்லது எஃப்டி தர ஆயிலாக இருக்கட்டும். பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் ஊசிக்குழலால் அளந்து ஊற்றுங்கள். விலை பேசும்போது பம்ப் உள்ள வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், அது நியாயம்.

சைலன்சர் உள்குழாயை உருவிவிட்டுச் சத்தம் ஏற்றிய வண்டிகளும் ஏராளம். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் புகைபோக்கி இல்லை. வெளியே போகும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாத கலவையை சிலிண்டருக்குள் நிறுத்துவதே அது. உள்குழாய் போனால் நடுச்சுற்றில் இழுப்பு தொங்கும், கலவையும் மாறும். போலீஸ் அபராதம் வேறு. கரி பிடித்த உள்குழாயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும். கையுறை அவசியம்.

கார்பரேட்டர் மிக்குனி விஎம்20. இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதற்கு எதிரி. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளை) கலவை மெலியும். டூ ஸ்ட்ரோக்கில் மெலிவு என்றால் சூடு. பிளக் நிறம் செங்கல் பழுப்பிலிருந்து வெளுத்துப் போனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். ஏர் ஸ்குரூவை வெளியே திருப்பத் திருப்ப மெலியும், உள்ளே திருப்பினால் அடரும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கார்த்திகை மழையில் மூன்று வாரம் நிறுத்தினால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் பிரிந்து, வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். பெட்ரோல் டேப்பின் பழைய ரப்பரும், ஊசி வால்வின் முனையும் ஊதிக்கொள்ளும். எத்தனால் தாங்கும் குழாயும் ஓ ரிங்கும் வாங்கி மொத்தமாக மாற்றிவிடுவது மேல், செலவு சில நூறுதான்.

தொட்டிக்குள் துரு இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம், கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு நாள் ஊறவிட்டு, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஈரம் போன கையோடு டூடி ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். அரை மணி தாமதித்தால் மறுபடி துரு பூக்கும்.

உதிரிபாகம் கிடைக்கிறது, தரம்தான் லாட்டரி. டூப்ளிகேட் பிஸ்டன், கேபிள், லென்ஸ், ஸ்டிக்கர் தாராளம். ஒரிஜினல் சைலன்சர், மீட்டர், பம்ப், சிடிஐ (பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி), கெடாத கிராங்க்கேஸ் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டிவரும், விலையும் அங்கே நின்றபடி நிர்ணயமாகும். அதனால்தான் நிறம் மங்கி, சீட் கிழிந்து, ஆனால் பம்ப், இன்டேக் டப்பா, சைலன்சர், மீட்டர் எல்லாம் இருக்கும் வண்டியே நல்ல பேரம். சூடானதும் நின்று, ஆறியதும் எழும்பும் வண்டி மலிவாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேக்னட் உள்ளே இருக்கும் காயில் அல்லது சிடிஐ, இரண்டும் எஞ்சினைப் பிரிக்காமலே மாற்றக்கூடியவை. பளபளப்பு மட்டும் உள்ளதை வாங்கினால் அதே சாமான்களைத் தேடி வருடம் ஓடும். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். நிறத்தை மாற்றினால் ஆர்சியில் ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு மழைக்காலத்துக்கு நிறுத்தி வைப்பதானால் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், ஃப்ளோட் காலியாகும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி டூடி ஆயில் விட்டு மெல்ல இரண்டு கிக். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில், செங்கல் வைத்து உயர்த்திய பலகை மேல் நிறுத்துங்கள். வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், எலி முதலில் கடிப்பது ஒயரிங்கைத்தான். டூப்ளிகேட் ஒயரிங் செட்டில் ஒயர் நிறங்கள் ஒரிஜினலோடு ஒத்துப்போகாது, ஒவ்வொரு இணைப்பையும் டெஸ்டர் வைத்துத் தேடித்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.